கண்மாய்ப் பறவைகள் தரும் உரம்

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்கு அருகே உள்ள வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்கள் மூன்றும் சேர்ந்து 38.4 எக்டேர்தான். 1977-ஆம் ஆண்டில் இவை பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிக்காத ஊர் கொள்ளுக்குடிப்பட்டி.

மழைக்காலத்தில் கண்மாய் நிறைந்ததும், நீரில் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், வெள்ளை அரிவாள்மூக்கன், கொக்கு முதலியவை கூடு கட்டுகின்றன. சுற்றிலும் நீர் இருப்பதால் நாயும் நரியும் கூட்டை நெருங்குவதில்லை. நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் பாக்குவெட்டி போல் விலகியிருக்கும். வயல் நத்தையே அதன் முக்கிய இரை, நண்டையும் விடுவதில்லை.

பல ஊர் வயல்களிலும் குளங்களிலும் இரை தேடும் இப்பறவைகள், எச்சத்தை இடுவது கூடு உள்ள கண்மாயில். அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரில் கரைந்து மடை வழியே ஆயக்கட்டுக்குப் பாய்கின்றன. காசு கொடுக்காமல் கிடைக்கும் இவ்வுரத்தைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. வழக்கமான யூரியாவையும் முழு அளவில் இடுகின்றனர். பயிர் கரும்பச்சையாகி இலைச்சுருட்டுப் புழுவும் குலை நோயும் மிகும். கதிர் முற்றும்போது சாய்ந்தும் விடும்.

இதைத் தவிர்க்க இலை வண்ண அட்டை உதவும். நட்ட 14-ஆம் நாள் முதல் வாரம் ஒருமுறை, பத்துப் பயிர்களில் நன்கு விரிந்த மேல் இலையை, வெயில் படாமல் உடல் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். பாதிக்கு மேற்பட்ட இலைகள் 4-ஆம் நிறத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் யூரியா இடலாம். வெள்ளைப் பொன்னிக்கு இது 3. குருணை மருந்தைத் தேங்கிய நீரில் தூவுவதை விட்டுவிட வேண்டும்; அந்நஞ்சு வயலில் இரை தேடும் பறவையையும் கொல்லும்.

மற்ற ஊர்க் கண்மாய்களில் சீமைக் கருவேலை அகற்றும்போது நாட்டுக் கருவேலையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். இது பெருந்தவறு. நெய்வேலிக் காட்டாமணக்கையும் ஆகாயத்தாமரையையும் தாராளமாக அகற்றலாம். வண்டல் எடுப்போர் வட்டாட்சியர் அனுமதி பெற்று, கோடையில், மரம் நிற்கும் திட்டுகளைத் தொடாமல் எடுக்க வேண்டும். சரணாலயக் கண்மாய்களிலோ வனத்துறை அனுமதியின்றி மண்ணும் எடுக்கக்கூடாது, மரக்கிளையும் ஒடிக்கக்கூடாது.