இணையும் நிறுவனங்கள், இணையும் நுட்பங்கள்

'கூடி வாழ்ந்தால் கோடி நன்மை' என்பது முன்னோர் வாக்கு. குடும்பத்திற்கும் ஊருக்கும் பொருந்தும் இம்மொழி தொழில் நிறுவனங்களுக்கும் பொருந்துமா? மின்னணு உறுப்புகளைச் செய்யும் இரு நிறுவனங்கள் இணையும்போதெல்லாம், 'இரண்டின் தொழில்நுட்ப வலிமையும் ஒன்று சேரும்' என்று கூறுவது வழக்கம். அவ்வலிமை உண்மையில் எவ்வாறு சேர்கிறது என்பதை, ஜப்பான் நாட்டு ரெனெசாஸ் நிறுவனத்தின் வரலாற்றைக் கொண்டு காண்போம்.

இணைப்பின் காரணம்

1988ஆம் ஆண்டில் உலகில் விற்பனையான குறைகடத்திப் பொருள்களில் ஏறத்தாழப் பாதி ஜப்பானிய நிறுவனங்களுடையவை. பின்னர் அப்பங்கு ஆண்டுதோறும் தேய்ந்தது. தென்கொரியாவும் தைவானும் போட்டியில் முந்தின. ஒவ்வொரு புதிய தலைமுறைச் சில்லுக்கும் பெரும்பொருட் செலவில் புதிய எந்திரங்கள் தேவைப்பட்டன. ஒரே நாட்டில் பல நிறுவனங்கள் ஒரே வகைச் சில்லைத் தனித்தனியே ஆராய்ந்து செய்வது வீண் செலவாயிற்று.

எனவே ஹிட்டாச்சியும் மிட்சுபிஷி எலெக்ட்ரிக்கும் தத்தம் குறைகடத்திப் பிரிவுகளைப் பிரித்தெடுத்து, 2003 ஏப்ரல் 1 அன்று ரெனெசாஸ் டெக்னாலஜியைத் தோற்றுவித்தன. 2010 ஏப்ரல் 1 அன்று என்.இ.சி. எலெக்ட்ரானிக்ஸும் அதனுடன் இணைந்து ரெனெசாஸ் எலெக்ட்ரானிக்ஸ் ஆயிற்று.

நுட்பங்கள் இணைந்த விதம்

மூன்று நிறுவனங்களும் 'மைக்ரோ கண்ட்ரோலர்' செய்வதில் வல்லவை. கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளிக்கருவிகளுடன் தொடர்பு கொள்ளும் பகுதி ஆகியவை ஒரே சில்லில் அடங்கியதே மைக்ரோ கண்ட்ரோலர். துணி துவைக்கும் எந்திரம் முதல் கார் எஞ்சின் வரை இதன் ஆட்சிதான்.

ஆயினும் ஒவ்வொரு நிறுவனத்தின் சில்லும் தனக்கென ஓர் ஆணைத்தொகுதி உடையது. ஆணைத்தொகுதி என்பது சில்லின் தாய்மொழி எனலாம். தமிழ் மட்டும் அறிந்தவரிடம் தெலுங்குக் கடிதத்தைக் கொடுத்தால் என்ன பயன்? அதுபோல, ஒரு சில்லின் எந்திர மொழியில் அமைந்த நிரல் மற்றொன்றில் இயங்காது. இரு மொழிகளைப் பாதிக்குப் பாதி கலந்து ஒன்றாக்கவும் இயலாது. ஆகவே எதைக் கொள்வது, எதை விடுவது என்று தேர்ந்தாக வேண்டும்.

2009இல் அறிவிக்கப்பட்ட ஆர்.எக்ஸ். வரிசை, ஹிட்டாச்சியின் எச்8, மிட்சுபிஷியின் எம்16சி ஆகிய இரண்டின் வழித்தோன்றலாக அமைந்தது. அடுத்து வந்த ஆர்.எல்.78 இன்னும் தெளிவான சான்று. அதன் கணக்கிடும் பகுதி என்.இ.சி.யின் 78கே வழியில் வந்தது. வெளிக்கருவிப் பகுதிகள் பலவோ மிட்சுபிஷி வழியில் வந்த ஆர்8சியிலிருந்து பெறப்பட்டவை. பெயரிலுள்ள 78 என்னும் எண் இன்றும் அதன் பிறப்பைச் சொல்லி நிற்கிறது.

கொடுத்த விலை

புதிய சில்லு பிறந்தவுடன் பழைய சில்லுகளை நிறுத்திவிட முடியாது. ஒரு கார் பல்லாண்டுகள் ஓடும். அதற்குரிய உறுப்பும் அதுவரை கிடைக்க வேண்டும். ஆதலால் இணைந்த நிறுவனம் பழைய வரிசைகளையும் புதியவற்றையும் ஒருங்கே சுமக்க நேரிடுகிறது. செலவைக் குறைக்கச் செய்த இணைப்பே தொடக்கத்தில் செலவைக் கூட்டுகிறது!

இச்சுமையுடன் இயற்கையும் சோதித்தது. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் நாக்கா தொழிற்சாலை சேதமுற்றது. அங்கிருந்து சில்லு வராமையால் கார்த் தொழிற்சாலைகள் தடுமாறின. கார் நிறுவனங்கள் தம் ஆட்களையே அனுப்பிச் சீரமைப்புக்கு உதவின. ஜூன் மாதத்தில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. பலருக்குரிய உற்பத்தி ஓரிடத்தில் குவிந்தால், அவ்விடத்தின் இடர் அனைவரின் இடராகிவிடும் என்பதற்கு இது சான்று. பின்னர் நட்டம் பெருகவே தொழிற்சாலைகள் சில மூடப்பட்டன, சில விற்கப்பட்டன. பல்லாயிரம் ஊழியர் வேலையை விட்டு விலகினர். 2013இல் அரசுசார் முதலீட்டு நிதியமும், டொயோட்டா, நிசான் முதலிய வாடிக்கையாளரும் சேர்ந்து 15,000 கோடி யென் முதலிட்ட பின்னரே நிறுவனம் நிமிர்ந்தது.

மற்றொரு முயற்சியோ நிமிரவே இல்லை. என்.இ.சி.யும் ஹிட்டாச்சியும் நினைவகச் சில்லுகளுக்காக 1999இல் தொடங்கிய நிறுவனம் பின்னர் எல்பிடா எனப் பெயர் பெற்றது. கிரேக்க மொழியில் 'நம்பிக்கை' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நினைவகச் சில்லில் ஒருவர் பொருளுக்கும் மற்றவர் பொருளுக்கும் வேறுபாடு குறைவு. விலையே வெற்றியை முடிவு செய்யும். விலை வீழ்ந்தபோது அறிவு வலிமை மட்டும் காக்கவில்லை. 2012 பிப்ரவரியில் அது கடன் தீர்க்க இயலாமல் நீதிமன்றத்தை நாடியது. 2013இல் அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனத்திற்குச் சொந்தமாயிற்று.

முடிவுரை

வலிமைகள் காகிதத்தில் கூட்டல் கணக்காகத் தோன்றும்; தொழிற்சாலையிலோ அவை தேர்வுக் கணக்கு. தன் சில்லே சிறந்தது என்று ஆண்டுக்கணக்கில் உழைத்த பொறியாளர், பிறருடைய சில்லின் நல்ல பகுதியை ஏற்று, தம்முடையதில் ஒரு பகுதியைக் கைவிட இசையும்போதுதான் இணைப்பு நிறைவு பெறுகிறது. பெயர்ப்பலகையை ஒரே நாளில் மாற்றிவிடலாம்; அந்த இசைவுக்கோ ஆண்டுகள் வேண்டும்.