பத்தாயிரம் கோடி டாலரை அளந்தது யார்?

பருவநிலை மாநாடு என்ற தலைப்பைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடும் அன்பர்கள் நம் சங்கத்தில் உண்டு. பனி உருகுவதையும் கடல் ஏறுவதையும் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதற்கு விஞ்ஞானம் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் கட்டுமான வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அளவும் பில்லும்தான். அந்த மாநாடுகளில் நடக்கும் சண்டையும் முக்கால்வாசி அளவையும் பில்லையும் பற்றியதே என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

1992-இல் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் சுமை எல்லோருக்கும் ஒரே அளவல்ல என்பது அதன் அடிப்படை. காரணம் எளிது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளிவரும் கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் வானத்தில் தங்குகிறது. தொழிற்புரட்சி தொடங்கியதிலிருந்து கூட்டிப் பார்த்தால் அமெரிக்கா ஒன்றின் பங்கே ஏறக்குறைய கால்வாசி. உலக ஜனத்தொகையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் உள்ள இந்தியாவின் பங்கு மூன்று, நான்கு சதவீதம்தான். இன்றும் தலைக்குக் கணக்கிட்டால் இந்தியருக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன், அமெரிக்கருக்குச் சுமார் 14 டன். ஆகவே ஏழை நாடுகள் மாற்று வழிக்குப் போக ஆகும் கூடுதல் செலவுக்குப் பணக்கார நாடுகள் 'புதிய, கூடுதலான' நிதி தரவேண்டும் என்று ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டார்கள். இதை உதவி, தருமம் என்று பத்திரிகைகள் எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஒப்பந்தத்தில் கண்ட ஷரத்து அது.

தொகை எவ்வளவு என்று மட்டும் எழுதவில்லை. பதினேழு வருஷம் கழித்து, 2009-இல் கோபன்ஹேகனில்தான் ஓர் எண் வந்தது: 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர். அப்போதும் எதை நிதி என்று எண்ணுவது, யார் அளப்பது என்பதை எழுதவில்லை. எனக்கு நெருடுவது இந்த இடம்தான்.

ரயில்வேயில் மண் வேலைக்கு எப்படிப் பில் போடுவோம் என்பதைச் சொல்கிறேன். மெஷர்மெண்ட் புக் என்று ஒன்று உண்டு. பக்கங்களுக்கு எண் அச்சிட்டிருக்கும். ஒரு தாளைக் கிழிக்க முடியாது. தவறாக எழுதினால் அழிக்கக்கூடாது, அடித்துவிட்டுச் சுருக்கொப்பம் போடவேண்டும். அளவெடுப்பது இன்ஸ்பெக்டர், அதில் ஒரு பகுதியை உதவிப் பொறியாளர் நேரில் வந்து சரிபார்ப்பார். மண் எடுத்த குழியின் நடுவே ஒரு திட்டைத் தோண்டாமல் விட்டுவைக்கச் சொல்வோம், ஆழம் எவ்வளவு என்பதற்கு அதுவே சாட்சி. உதிரியாகக் கொட்டிய கரை பார்வைக்கு உயரமாகத் தெரியும். ஒரு மழை கண்டால் அமுங்கும். அந்த அமுக்கத்தைக் கழித்த பிறகுதான் கன அளவு. ஒப்பந்தக்காரரே அளந்து, அவரே புத்தகத்தில் எழுதி, அவரே பாஸ் செய்துகொள்ளும் வழக்கத்தை நான் எந்த டிவிஷனிலும் கண்டதில்லை.

பருவநிலை நிதியில் அதுதான் நடக்கிறது. கொடுக்கும் நாடு எதைப் பருவநிலை நிதி என்று சொல்கிறதோ அதுவே கணக்கு. அந்த அறிக்கைகளைத் தொகுப்பது ஓ.இ.சி.டி. என்ற, பெரும்பாலும் பணக்கார நாடுகள் கொண்ட அமைப்பு. 2023-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அவற்றைத் துருவிப் பார்த்தது. வங்கதேசத்தில் ஜப்பான் கடனில் எழும் நிலக்கரி மின் நிலையம் பருவநிலை நிதி! ஆசிய நகரங்களில் ஐஸ்கிரீம், சாக்லெட் கடைகள் திறக்க இத்தாலி கொடுத்தது பருவநிலை நிதி. அர்ஜென்டினாக் காட்டில் நடக்கும் காதல் கதை ஒன்றைப் படமெடுக்க பெல்ஜியம் கொடுத்ததும் அதே கணக்கில்.

நம் நிதி அமைச்சகம் இதை முன்பே பிடித்துவிட்டது. 2014-இல் சுமார் 6,200 கோடி டாலர் போய்ச் சேர்ந்துவிட்டதாக 2015-இல் ஓ.இ.சி.டி. அறிவித்தபோது, இதற்கென்றே அமைத்த நிதியங்களிலிருந்து உண்மையில் கைக்கு வந்ததாக உறுதியாகச் சொல்லக்கூடியது 220 கோடி டாலர்தான் என்று டில்லி பதில் அறிக்கை வெளியிட்டது. 220 என்பது மிகக் கறாரான கணக்கு என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனாலும் ஒரே கரையை இருவர் அளந்து ஒருவருக்கு 6,200, மற்றவருக்கு 220 என்று வந்தால் தவறு டேப்பில் இல்லை. எங்கிருந்து எங்கே அளப்பது என்பதே முடிவாகவில்லை.

அடுத்தது அமுக்கம். 2020-க்கென்று சொன்ன 10,000 கோடி, ஓ.இ.சி.டி. கணக்குப்படியே 2022-இல்தான் எட்டியது. 11,590 கோடி என்றார்கள். அதில் அரசாங்கங்கள் வழியாகவும் உலக வங்கி போன்றவற்றின் வழியாகவும் வந்த பணத்தில் ஏறக்குறைய எழுபது சதவீதம் கடன். முப்பது சதவீதத்துக்கும் குறைவே மானியம். திருப்பித் தரவேண்டிய அசலையும் சேர்த்து முழுத் தொகையாக எழுதிக்கொள்கிறார்கள். 2020-க்குச் சொல்லப்பட்ட 8,330 கோடியில் உண்மையான மதிப்பு அதிகபட்சம் 2,450 கோடிதான் என்று ஆக்ஸ்ஃபாம் அமைப்பு மதிப்பிட்டது.

கடனே கூடாது என்பது என் கட்சியல்ல. தாத்ரியிலிருந்து மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரையான மேற்குச் சரக்கு வழித்தடம் ஜப்பான் கடனில் வந்ததுதான். குறைந்த வட்டி, நீண்ட தவணை. பொருள்களில் குறைந்தது 30 சதவீதம் ஜப்பானிலிருந்து வரவேண்டும் என்று நிபந்தனை. நல்ல பாதை, நமக்கு லாபமான பேரம். ஆனால் அசலைக் கட்டப்போவது நாம். வட்டியில் கிடைத்த சலுகையை மட்டும் உதவி என்று எழுதினால் யாருக்கும் வழக்கில்லை. சுனாமிக்கோ புயலுக்கோ தடுப்புச் சுவர் கட்டும் சின்னஞ்சிறு தீவு நாட்டுக்கு இந்தக் கணக்கும் பொருந்தாது. பாதை கட்டினால் சரக்குக் கட்டணம் வரும். சுவர் என்ன வருமானம் தரும்?

மறுபக்கமும் ஒன்று உண்டு. 1992-இல் போட்ட பணக்காரர் பட்டியல் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இன்று ஆண்டுக்கு அதிகம் புகை விடுவது சீனா. கத்தார், சவூதி அரேபியா, சிங்கப்பூர் எல்லாம் பட்டியலுக்கு வெளியே. இவர்களும் கொடுக்கவேண்டும் என்று ஐரோப்பியர் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். நாமும், தலைக்கு 2 டன் என்று சொல்லும்போது அது விதர்ப்பாவின் பருத்தி விவசாயியையும் மூன்று ஏ.சி. ஓடும் வீட்டையும் சேர்த்துப் போட்ட சராசரி என்பதை மறக்கக்கூடாது. ஆனால் பழைய பாக்கி வைத்தவர், புதிதாக ஒருவர் சேரும்வரை தரமாட்டேன் என்பது வேறு விஷயம்.

இதற்கிடையே ஐரோப்பா எல்லையில் ஒரு கரி வரியும் வந்துவிட்டது. 2023 அக்டோபரிலிருந்து விவரம் கேட்டார்கள். 2026 ஜனவரி முதல் இறக்குமதியாகும் உருக்கு, அலுமினியம், சிமெண்ட், உரம் முதலியவற்றுக்கு அதன் உற்பத்தியில் வந்த புகைக்கேற்பக் கட்டணம். நம் உருக்கில் பெரும்பகுதி நிலக்கரியை நம்பியது. அடி அங்கேதான் விழும். வசூலாகும் பணம் ஐரோப்பாவிலேயே தங்குகிறது.

2024 நவம்பரில் பாக்கூ நகர மாநாட்டில் அடுத்த தொகை முடிவானது. வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1,30,000 கோடி டாலர். கிடைத்த வாக்குறுதி 2035-க்குள் 30,000 கோடி. அரசு, தனியார், வங்கி என்று எந்த வழியில் வந்தாலும் சரி, பணக்கார நாடுகள் 'முன்னின்று' திரட்டும் என்பது வாசகம். இந்தியப் பிரதிநிதி பேச எழுமுன் தலைவர் சுத்தியலைத் தட்டி நிறைவேறியது என்று அறிவித்துவிட்டார். பிறகு அவர் எழுந்து, பேச வாய்ப்புத் தராததையும் தொகை போதாததையும் சொல்லி, இந்தியா இதை ஏற்கவில்லை என்று பதிவு செய்தார். அந்த 30,000 கோடியில் எவ்வளவு மானியம், எவ்வளவு கடன் என்ற வரி தீர்மானத்தில் இல்லை.