பழைய கம்ப்யூட்டருக்கு இன்னும் செலவழிக்கலாமா?

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது பிளஸ் டூ படித்தவர்கள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். அந்த லேப்டாப்போ, பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் பல வீடுகளில் பீரோ மேல் தூசி படிந்து கிடக்கிறது. பக்கத்தில் பழைய டெஸ்க்டாப் ஒன்றும் இருக்கலாம். புதிதாக வாங்கக் கையில் பணமில்லை. பழையதில் காசைப் போடவும் மனசில்லை.

முதலில் அது ஏன் இழுக்கிறது என்று பாருங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘டிஸ்க்’ வரிசை வெகுநேரம் நூறு சதவீதத்திலேயே நின்றால் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். லேப்டாப் டிஸ்க்குகள் பலவும் நிமிஷத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டுகள். வேண்டிய தகவல் இருக்கும் இடத்துக்கு முள் போய்ச் சேரும் வரை மற்ற எல்லாம் காத்திருக்கும். அதற்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. பத்து வருஷ மெஷினில்கூட எஸ்எஸ்டி மாட்டியதும் வரும் வேகம் ஆச்சரியமாக இருக்கும். செலவழிக்கும் முதல் ரூபாய் இதற்குத்தான் போகவேண்டும் என்பேன். கழற்றிய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு, கல்யாண போட்டோக்களுக்கு இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ராம். 4 ஜிபி இருந்தால் பிரவுசரில் நாலைந்து பக்கம் திறப்பதற்குள் மூச்சு வாங்கும். 8 இருந்தால் வீட்டு வேலைக்குப் போதும். ஆனால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறுமுகம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன. மைக்ரான் நிறுவனம் ‘க்ரூஷியல்’ என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த மெமரி வியாபாரத்தையே விடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஆகவே பழைய டிடிஆர்3 மெஷின் என்றால் சர்வீஸ் கடையில் செகண்ட்ஸ் ராம் கேட்டுப் பாருங்கள். அதில் தப்பொன்றும் இல்லை.

ஒருநாள் திறந்ததும் தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். பேங்க் சைட் எதுவும் திறக்காது. போயே போச்சு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மதர்போர்டில் இருக்கும் நாணய அளவு பேட்டரி (சிஆர்2032) தீர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஒரு டீ, வடை காசைவிடக் கொஞ்சம் கூட ஆகும்.

பெரிய சிக்கல் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்குப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் மூலம் செட்டிங்ஸைச் சேமித்தால் காசு கட்ட வேண்டாம். விண்டோஸ் 11-க்குப் போகமுடியுமா என்பதைப் பிராசஸர் எண்ணே பெரும்பாலும் சொல்லிவிடும். இன்டெலில் ஐ5-7200 என்றால் ஏழாம் தலைமுறை, அதிகாரபூர்வமாக இடமில்லை. ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை, போகலாம். இடமில்லாத மெஷினில் லினக்ஸ் மின்ட் போடலாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. பிரவுசர், யூடியூப், தமிழ்99 தட்டச்சு எல்லாம் நடக்கும். டேலியில் கணக்கு எழுதுபவர்களும், பாமினி எழுத்துருவில் பேஜ்மேக்கர் ஓட்டும் பத்திரிகை அச்சடிப்பவர்களும் மட்டும் அவசரப்பட்டு மாறவேண்டாம்.

சில மெஷின்களைக் கைவிடத்தான் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி பெருகி, திருநெல்வேலி ஜங்ஷனிலும் கொக்கிரகுளத்திலும் வெள்ளம் புகுந்ததே, அப்படிச் சகதியில் நனைந்த சிஸ்டத்தைக் காயவைத்து ஓட்டினாலும் போர்டில் அரிப்பு பிடித்துக்கொண்டே இருக்கும். அதில் காப்பாற்ற வேண்டியது டிஸ்க் மட்டும். நனைந்ததைக் கரண்ட் கொடுத்து ‘பார்க்கலாமே’ என்று சோதிக்கக்கூடாது. லேப்டாப்பில் பேட்டரி, கீல், திரை மூன்றும் ஒன்றாகப் போனாலும் விட்டுவிடுவதே மேல். மொத்த ரிப்பேர் செலவு, அதே வேலையைச் செய்யும் வேறு மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் செய்யமாட்டேன்.

வாங்குவதாக முடிவானால், மலிவு விலையில் 4 ஜிபியோடு வரும் புது செலரான் லேப்டாப்பைவிட, கம்பெனிகள் கழித்துவிட்ட லாட்டிட்யூட், திங்க்பேட், எலைட்புக் நல்லது. எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி; கடை வாரண்டியும் பில்லும் கட்டாயம். கல்லூரி மாணவர்களுக்கான மடிக்கணினிக்கு 2025 டெண்டரில் அரசு கேட்டதும் இதே 8 ஜிபி, 256 ஜிபிதான். வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருந்தால், அந்த லேப்டாப் கிடைக்குமா என்று கல்லூரியில் விசாரித்த பிறகு பணத்தை எடுங்கள் அண்ணாச்சி.

பழையதை எடைக்குப் போடுமுன் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள், அல்லது முழுதாக அழித்துவிடுங்கள். ஆதார் நகலும் பாஸ்புக் ஸ்கேனும் அதில்தான் இருக்கின்றன.