ஷிப்ட் மாறினால் நாள் ஏன் தள்ளிப்போகிறது?

மண்ணூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் ஹாஸ்டலில் தங்கி கம்பெனிக்குப் போகும் பெண்களுக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். தூக்கமும் சாப்பாடும் கூடவே மாறும். "ஊர்ல சரியா வந்துச்சு, இங்க வந்தப்புறம் தள்ளிப்போகுது" என்று ஒரு பெண் சொன்னால், உடனே கருப்பையில் கோளாறு என்று பயமுறுத்த வேண்டாம். மாதவிடாயின் கணக்கு தலைக்குள் தொடங்குகிறது.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கிறது. பிட்யூட்டரி சுரப்பியை இயக்குவது இதுதான்; விட்டுவிட்டு வரும் அந்த இடைவெளி முக்கியம். 1970-களின் இறுதியில் ஆய்வாளர் எர்ன்ஸ்ட் நோபிலின் குழு குரங்குகளுக்கு இந்த ஹார்மோனை மணிக்கொரு முறை கொடுத்தபோது பிட்யூட்டரி சுரப்பி வேலை செய்தது. இடைவிடாமல் செலுத்தியபோது அடங்கிப்போனது.

பிட்யூட்டரி அனுப்பும் எஃப்எஸ்எச் என்ற ஹார்மோன், சினைப்பையில் முட்டைப்பைகளை வளர்க்கிறது. அவற்றுள் முந்துகிற ஒன்று ஈஸ்ட்ரோஜனைப் பெருக்க, கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. இனி நடப்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. அதுவரை பிட்யூட்டரியை அடக்கிவைத்த அதே ஈஸ்ட்ரோஜன், உயர்ந்த அளவில் இரண்டு நாள் நிலைத்தால் அதைத் தூண்டிவிடுகிறது! பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எல்எச் பொங்குகிறது, சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறுகிறது. காலியான முட்டைப்பை புரோஜெஸ்டிரோன் சுரந்து உட்சுவரைத் தாங்குகிறது. கரு தங்காவிட்டால் ஏறக்குறைய 14 நாளில் அந்த முட்டைப்பை சுருங்கிவிடும். புரோஜெஸ்டிரோன் இறங்கும், உட்சுவர் உதிரும். கோயில் திருவிழாவுக்காக நாளைத் தள்ளிப்போடப் போடும் நோரெதிஸ்டெரோன் மாத்திரை புரோஜெஸ்டிரோனின் வேலையைத்தான் செய்கிறது. அதனால்தான் நிறுத்திய சில நாளில் உதிரப்போக்கு வந்துவிடுகிறது.

முட்டை வெளியேறிய பிறகான பாதி அதிகம் மாறாது. நீளுவது பெரும்பாலும் முன்பாதிதான். சாப்பாடு குறைந்தாலோ மனம் நெருக்கடியில் இருந்தாலோ மூளை விட்டுவிட்டுச் சுரக்கும் ஜிஎன்ஆர்எச்சின் துடிப்பு மந்தமாகலாம். முட்டை தாமதமானால் நாளும் தள்ளும். இரவு விழிப்பும் உடலின் நேரக்கணக்கைக் குலைக்கிறது. சுழல் ஷிப்ட்டில் வேலை செய்யும் நர்ஸ்களிடம் ஒழுங்கற்ற மாதவிடாய் அதிகம் என்று 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. உற்பத்தி வரிசையில் நிற்கும் நம் பெண்களையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

24 முதல் 38 நாள் வரையிலான சுழற்சி இயல்பானது. மூன்று மாதம் வரவே இல்லையென்றால் கர்ப்பம், தைராய்டு, பிசிஓஎஸ் (சினைப்பைக் கோளாறு) ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது கடைசியாக வந்த தேதியோடு, எந்த வாரம் நைட் ஷிப்ட் பார்த்தீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள்.