‘தெரியும்’ – ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

தமிழில் ‘தெரியும்’ என்ற ஒரே சொல் அறிவையும் குறிக்கும், திறமையையும் குறிக்கும். ஆங்கிலத்தில் அப்படியல்ல. வேலைக்கு மனுப் போடும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

‘கார் ஓட்டத் தெரியும்’ என்பதை ‘ஐ நோ டு டிரைவ்’ என்று எழுதுவது பிழை. ‘ஐ நோ ஹவ் டு டிரைவ்’ அல்லது ‘ஐ கேன் டிரைவ்’ என்பதே சரி.

‘ஏபிள்’ என்றால் ‘டு’, ‘கேப்பபிள்’ என்றால் ‘ஆஃப்’, ‘குட்’ என்றால் ‘அட்’ சேரும். மீட்டர் கேஜ் வண்டி பிராட் கேஜில் ஓடாதல்லவா?

‘ஃபெமிலியர் வித்’ என்றால் ஓரளவு பழக்கம். ‘ப்ரொஃபிஷியன்ட் இன்’ என்றால் நல்ல தேர்ச்சி. சற்றே பழகியவர் பின்னதை எழுதினால் நேர்முகத் தேர்வில் திணறுவார். தேர்ந்தவர் முன்னதை எழுதினால் அழைப்பே வராமல் போகலாம். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.