இன்ஷியல் முதல் இன்சுலின் வரை
கடல்வழி – 9

மதுரைக்குக் கடல் இல்லை. ஆனால் கப்பல் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில் ஏறினால் கொழும்பு என்று பாதை இருந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, நம் பக்கத்து மனிதர்கள் வியாபாரத்துக்கும் பிழைப்புக்கும் அப்படித்தான் போய்வந்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் இப்போது விடுமுறைக்காகக் கப்பலேற நினைக்கிறார்கள்.

அதற்கு வாய்ப்பும் வந்திருக்கிறது. 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' சொகுசுக் கப்பலை முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. தென்மேற்குப் பருவமழையில் அரபிக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில்தான் மும்பையிலிருந்து ஓடும் இந்தக் கப்பல் சென்னைப் பக்கம் வருகிறது. பெரிய கப்பல் வேண்டாம், முதலில் கடல் நமக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க நினைப்பவர்களுக்கு, நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் இருக்கிறது. ஏறக்குறைய 4 மணி நேரப் பயணம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அது நிற்கும்.

ஓய்வுபெற்ற அப்பா அம்மாவை அழைத்துப்போக நினைப்பவர்களை மனத்தில் வைத்தே இந்த வாரம் எழுதுகிறேன். பஸ்ஸில் போகும்போது ஏதாவது மறந்துவிட்டால் மேலூரிலோ துவரங்குறிச்சியிலோ இறங்கி வாங்கிக்கொள்ளலாம். நடுக்கடலில் அந்த வசதி இல்லை. கப்பலுக்கான ஏற்பாட்டில் துணிமணி கடைசி வேலை. பெயர், மருந்து, கால் பலம் மூன்றும்தான் முதல் வேலை.

பெயர்

நம் ஊரில் சிக்கல் இன்ஷியலில்தான் தொடங்குகிறது. ஆதாரில் ஓர் எழுத்து இன்ஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, வாக்காளர் அட்டையில் இன்ஷியலே இல்லை என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். துறைமுக வாசலில் எந்த ஆவணத்தைக் காட்டப்போகிறோமோ, அதில் உள்ளபடியே டிக்கெட்டில் பெயர் இருக்க வேண்டும். இந்தியக் கரைக்குள்ளேயே திரும்பும் பயணத்துக்குப் புகைப்பட அடையாள அட்டை போதும் என்பார்கள். எந்த அட்டை செல்லும் என்று நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். இலங்கைக் கரையைத் தொடும் கப்பல் என்றால் பாஸ்போர்ட் வேண்டும். குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். இலங்கை நுழைவு அனுமதியையும் இணையத்தில் முன்கூட்டியே பெற வேண்டும். அதன் விதிகள் அடிக்கடி மாறுவதால் புறப்படும் வாரத்தில் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தால் பாரதி உலா சாலை பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போய்வந்த பிறகே டிக்கெட்டுக்குப் பணம் கட்டுங்கள்.

மருந்து

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை கேபினுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, இன்சுலின், மருத்துவர் சீட்டு எல்லாம் கையில் இருக்கும் பையில்தான் இருக்க வேண்டும். பயண நாட்களுக்கு மேல் சில நாட்களுக்கான மாத்திரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலினைக் குளிர்ச்சியில் வைக்க கேபினில் வசதி உண்டா என்று முன்பே கேளுங்கள்.

கப்பலில் மருத்துவர் இருப்பார், கட்டணம் தனி. கடலிலிருந்து ஒருவரைக் கரைக்குக் கொண்டுவரும் செலவு குடும்பத்தையே அசைத்துவிடும். அந்தச் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு எடுத்தாக வேண்டும்.

குமட்டலுக்குப் பலர் பயப்படுகிறார்கள். உள்காது உடல் ஆடுவதாகச் சொல்கிறது. கேபின் சுவரைப் பார்க்கும் கண் ஆடவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் வயிறு புரள்கிறது. மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒத்துப்போகும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் எடுத்தால் ஆட்டம் குறைவு. மாத்திரையை வாந்தி வருமுன் போட வேண்டும். கண் அழுத்த நோய், புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு இந்த வகை மாத்திரைகளில் சில ஆகாது. குடும்ப மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

மருந்தோடு சேர்த்துக் கட்டிவைத்த புளியோதரைப் பொட்டலம் வீட்டிலேயே இருக்கட்டும். சமைத்த உணவையும் இஸ்திரிப் பெட்டியையும் மின்கெட்டிலையும் பெரும்பாலான கப்பல்கள் உள்ளே விடுவதில்லை.

கால்

2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு ஆபத்துக்கால ஒத்திகை நடக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. 2015 முதல் கப்பல் புறப்படும் முன்போ, புறப்பட்டவுடனோ ஒத்திகை நடந்தாக வேண்டும். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் எல்லோரும் குறித்த இடத்தில் கூட வேண்டும்.

அந்த நேரத்தில் லிஃப்டை நம்ப முடியாது, படிக்கட்டுதான். ஆகவே பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே அம்மாவுக்குப் படியேறும் பழக்கம் வரட்டும். தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறவர்கள் வீட்டுப் படியையும் தினம் ஏறி இறங்கலாம். கேபின் எடுக்கும்போது கடல் தெரியும் ஜன்னலைப் பற்றிக் கேட்பதோடு, படிக்கட்டு எவ்வளவு தூரம் என்றும் கேளுங்கள். ஒத்திகையின்போது அவர்களோடு அந்த வழியில் ஒருமுறை நடந்து பாருங்கள்.

கடைசியாக, இரவு ரயிலில் ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்கி அன்றே கப்பலேறும் திட்டம் வேண்டாம். ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. ஒருநாள் முன்னதாகப் போய்ச் சென்னையில் தங்குங்கள். அந்த ஒரு நாள் வாடகையை மிச்சப்படுத்த நினைத்து, பெற்றோர் வாழ்நாளில் ஒருமுறை போகும் பயணத்தைப் பந்தயம் வைக்கக் கூடாது.

(அடுத்த வாரம்: கப்பலின் சமையலறையில் ஒரு நாள்)