சார்ஜருக்குப் பொருத்தம் பார்த்தீங்களா?

எந்த ஆபீஸில் வேண்டுமானாலும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நின்று பாருங்கள். ஒரு குரல் கட்டாயம் கேட்கும்.

‘‘மச்சான், சார்ஜர் இருக்கா?’’

ஒரு காலத்தில் இதற்கு எதிர்க்கேள்வி உண்டு. ‘‘சின்ன பின்னா, பெரிய பின்னா?’’ நோக்கியா நாட்களில் தேசியக் கேள்வியே அதுதான்! இப்போது அதுவும் போச்சு. எங்கும் டைப்-சி. 2023-ல் ஐபோனே வழிக்கு வந்துவிட்டது. ஐரோப்பிய யூனியனில் 2024 டிசம்பர் 28 முதல் புதுசாக விற்பனைக்கு வரும் போன்களுக்கு அது சட்டம்.

ஆகவே நாமெல்லாம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். பின் நுழைந்தால் பொருத்தம் சரி!

அதான் இல்லை சார். மோதிரம் விரலில் நுழைகிறது என்பதற்காக யாராவது தாலி கட்டிவிடுவார்களா? ஜாதகம் பார்க்க வேண்டாமா? சார்ஜருக்கும் ஜாதகம் இருக்கிறது. அதன் முதுகில், எறும்பு சைஸ் எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். நாம்தான் திருப்பிப் பார்ப்பதில்லை.

இதைப் படிக்க இன்ஜினீயர் ஆக வேண்டியதில்லை. நான் பி.காம். பேலன்ஸ் ஷீட் படிக்கிற மாதிரிதான். ‘இன்புட்’ என்பது வரவு. சுவரிலிருந்து வரும் 100 முதல் 240 வோல்ட். ‘அவுட்புட்’ என்பது செலவு. நமக்கு வேண்டியது அந்தச் செலவுக் கணக்கு. அதில் இரண்டு நம்பர் இருக்கும். ஒன்று வோல்ட், இன்னொன்று ஆம்பியர்.

முதல் பொருத்தம்: வோல்ட்

வோல்ட் என்பது தள்ளுகிற வேகம். இலையில் உட்கார்ந்தவர் ‘போதும்’ என்று கையை நீட்டினாலும் வாயில் திணிக்கிற மாமியார் உபசாரம் மாதிரி. இது அச்சாகப் பொருந்த வேண்டும். ரூட்டர், டார்ச், எமர்ஜென்சி லைட், பழைய லாப்டாப் எல்லாவற்றிலும் அந்த உருண்டைப் பின்தான். ஆனால் ஒன்று 5 வோல்ட், ஒன்று 12, ஒன்று 19. டிராயரில் கையை விட்டு எது கிடைக்கிறதோ அதைச் செருகினால், டார்ச் ஒரே ஒரு தடவை பிரகாசமாக எரியும்.

டைப்-சி மட்டும் கொஞ்சம் மரியாதை தெரிந்த பிள்ளை. முதலில் 5 வோல்ட்தான் கொடுக்கும். ‘‘அண்ணே, இன்னும் வேணுமா?’’ என்று கேட்டு, போனோ லாப்டாப்போ சரி என்றால்தான் 9, 15, 20 என்று ஏற்றும். நல்ல சார்ஜரும் நல்ல கேபிளுமாக இருந்தால் இந்தப் பேச்சுவார்த்தை ஒழுங்காக நடக்கும். பிளாட்பாரத்து மலிவுச் சரக்கிடம் இந்த நாகரிகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது பொருத்தம்: ஆம்பியர்

இது எவ்வளவு பரிமாற முடியும் என்கிற கொள்ளளவு. சமையல்கட்டு அண்டாவில் 50 பேருக்குச் சோறு இருக்கிறது என்பதற்காக 50 பேர் சாப்பாட்டையும் நீங்களே சாப்பிடப் போவதில்லை. 1 ஆம்பியர் கேட்கிற போனை 3 ஆம்பியர் சார்ஜரில் போட்டாலும், அது தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும். காரணம், போனுக்குள் ஒரு கறார் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் சார்ஜிங் சர்க்யூட். லித்தியம் பாட்டரி செல் ஒவ்வொன்றும் சாதாரணமாக 4.2 வோல்ட் வந்தால் ‘ஃபுல்’. அதோடு கதவைச் சாத்திவிடும். சாத்தாமல் விட்டால் செல்லுக்குள் சூடு ஏறும். உள்ளே இருக்கிற திரவமோ எரியக்கூடியது. ஒரு கட்டத்துக்கு மேல் சூடு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். அப்புறம் பிளக்கைப் பிடுங்கினாலும் நிற்காது.

கணக்குப்பிள்ளை சரியில்லாத இடத்தில் என்ன ஆகும்? அமெரிக்காவில் பார்த்துவிட்டார்கள்.

அங்கே இ-சிகரெட் என்று ஒன்று. (நம் நாட்டில் 2019-லேயே தடை போட்டாச்சு. அதனால் அதற்குச் சார்ஜர் தேடுகிறவர் நம் வாசகர்களில் யாரும் இல்லை என்று நம்புவோமாக!) பேனா மாதிரி பாட்டரி. பல கம்பெனிகளுக்கும் ஒரே திருகு மரை. எந்தச் சார்ஜரைத் திருகினாலும் ஜம்மென்று உட்காரும். ஆனால் உள்ளே பாட்டரி சின்னது, சார்ஜர் பெரியது. கூட வந்த சார்ஜரை விட்டுவிட்டு வேறொன்றில் போட்டால் பாட்டரி தாங்காத அளவு கரண்ட் பாயலாம் என்று அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் 2014-லேயே எச்சரித்தது. 2009-லிருந்து 2016 வரை செய்திகளில் வந்த தீ, வெடிப்புச் சம்பவங்களை அவர்கள் எண்ணிப் பார்த்தபோது 195. அதில் ஏறக்குறைய கால்வாசி, சார்ஜில் இருக்கும்போது நடந்தவை.

மூன்றாவது பொருத்தம்: பாட்டரியின் ஜாதி

மற்ற விஷயங்களில் ஜாதி பார்க்காதீர்கள். இங்கே பார்த்தே ஆக வேண்டும். மின்சார ஸ்கூட்டருக்கு வருவோம். ‘48 வோல்ட் சார்ஜர்’ என்று எழுதியிருக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியிலும் 48. ‘‘அண்ணே, ஒரு மணி நேரம் குடுங்கண்ணே’’ என்று வாங்கி வந்துவிடலாமா?

கூடாது. 48 வோல்ட் லித்தியம் பாட்டரி பலவற்றில் 13 செல் வரிசை. 13-ஐ 4.2-ஆல் பெருக்கினால் 54.6 வோல்ட். அதுதான் அதன் ஃபுல். அண்ணன் வண்டி பழைய லெட்-ஆசிட் ஆக இருந்தால், அதன் சார்ஜர் 58, 59 வோல்ட் வரை தள்ளும். பெயர் ஒன்று, குணம் வேறு! பாட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் தடுக்கலாம். ஆனால் அது கடைசிக் காவல்காரன். தினமும் அவனை எழுப்பினால் ஒரு நாள் தூங்கிவிடுவான். போனுக்குச் சொன்ன ஆம்பியர் சலுகையும் இங்கே கிடையாது. இங்கே கரண்டை முடிவு செய்வதே அந்தச் சார்ஜர் பெட்டிதான். வண்டியோடு கொடுத்தது, இல்லையென்றால் அந்தக் கம்பெனி அதே மாடலுக்கென்று விற்பது. மூன்றாவது சாய்ஸ் இல்லை.

இதெல்லாம் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஓர் அப்பாவும் அவருடைய மகளும் இறந்துபோனார்கள். தீ நெருங்குவதற்கு முன்பே புகை வந்துவிடுகிறது. அதனால் சரியான சார்ஜரே ஆனாலும் சில விஷயங்களை மறக்காதீர்கள்:

* படுக்கை அறையிலும், வெளியே ஓடுகிற ஒரே வாசல்படியிலும் வண்டிக்கோ அதன் பாட்டரிக்கோ சார்ஜ் போடாதீர்கள். எல்லோரும் தூங்கும்போது வேண்டவே வேண்டாம்.

* வெயிலில் ஓட்டி வந்த வண்டியை உடனே செருகாதீர்கள். சூடு ஆறட்டும்.

* உப்பிய பாட்டரி, விநோத வாசனை, ‘உஸ்’ சத்தம் என்றால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. போனாக இருந்தாலும் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள்.

* புகை கிளம்பிவிட்டதா? வண்டியைக் காப்பாற்றப் போகாதீர்கள். ஆட்களோடு வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள்.

* அடாப்டர் வாங்கும்போது பி.ஐ.எஸ். முத்திரையும், ‘ஆர்’ எழுத்தில் ஆரம்பிக்கும் 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் நிஜமா, டூப்பா என்று தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு செலவில்லாத யோசனை. இந்த ஞாயிற்றுக்கிழமை டிராயரைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். ஒவ்வொரு சார்ஜருக்கும் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, எந்தப் பொருளுக்கு உரியது, எத்தனை வோல்ட் என்று பேனாவால் எழுதுங்கள். ஊர், பேர் தெரியாத சார்ஜர் ஏழெட்டாவது தேறும். ‘என்றைக்காவது உதவும்’ என்று அதை மறுபடி உள்ளே போடாதீர்கள்.

அப்படி உதவுகிற அன்றைக்குத்தான் ஆபத்து!